தம்பியின் மாத்திரைப் பழக்கம்: விடுதி வருஷங்களிலிருந்து சொல்ல வேண்டிய கதை

போதையில் சிக்கிய ஒரு பையனைப் பற்றிப் பேச்சு வந்தால் நம் ஊரில் முதலில் வரும் கேள்வி, "யார் சேர்க்கையால் கெட்டான்?" என்பதுதான். என் தம்பி விஷயத்திலும் எல்லோரும் அதையேதான் கேட்டார்கள். அவனோடு கல்லூரி அறையில் தங்கியிருந்த பையன்களின் பெயர்களை அம்மா வரிசையாகச் சொல்லித் திட்டுவார். அவனுடைய 13 வயதில் என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அதைக் கேட்ட முதல் ஆள் ஓர் அரசு மருத்துவர். அதற்குள் எங்களுக்கு நாலு லட்சத்துக்கு மேல் போயிருந்தது, தம்பி ஒரு முறை செத்துப் பிழைத்திருந்தான். இதையெல்லாம் முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால் என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். தம்பியின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பள்ளி, கல்லூரி, மருத்துவமனைப் பெயரெல்லாம் வேண்டாம் என்றான், போடவில்லை.

நாங்கள் ஈரோடு பக்கம். அப்பா லாரி ஓட்டினார், தம்பி ஏழாவது படிக்கும்போது தவறிவிட்டார். அம்மாவுக்குத் தறி வேலை. படிப்பு ஒன்றுதான் கரையேற்றும் என்று மாமா முன்னால் நின்று, தம்பியை எட்டாவதில் நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்துவிட்டார். விடிகாலையில் எழுப்பி ராத்திரி வரை படிக்க வைக்கும் பள்ளி. தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே திக்குவாய். வீட்டில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை, நிதானமாகப் பேசி முடிப்பான், கேட்டுக்கொள்வோம். விடுதியில் அவனுக்கு 'ரிப்பீட்டு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு பெரிய வகுப்புப் பையன்கள் அவனை எழுப்பி, டார்ச் வெளிச்சத்தில் பழைய செய்தித்தாளை வாசிக்கச் சொல்வார்களாம். அவன் திக்கும்போதெல்லாம் ஒருத்தன் எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டுவான். முடிக்கும்போது எத்தனை தட்டு விழுந்ததோ அத்தனை சட்டையை மறுநாள் அவன் துவைக்க வேண்டும். சாப்பாட்டுக் கூடத்தில் அவன் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள், உட்கார்ந்தவனுக்கும் கேலி விழும் என்ற பயம். ஒரு முறை வார்டனிடம் சொல்லியிருக்கிறான். "பசங்கன்னா அப்படித்தான் இருப்பாங்க, நீ ஆம்பளப் பையன்தானே" என்று அனுப்பிவிட்டார். அன்றைக்கு ராத்திரி இரண்டு தாள் வாசிக்க வேண்டி வந்ததாம். இது ஒன்பதாவது முடியும் வரை நடந்தது. பெரிய பையன்கள் பள்ளியை விட்டுப் போன பிறகு தட்டுச் சத்தம் நின்றது, பெயர் மட்டும் பன்னிரண்டாவது வரை ஒட்டிக்கொண்டே இருந்தது.

இதில் ஒன்றுகூட அப்போது வீட்டுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஒரு போன், பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்க, "நல்லாருக்கேங்க்கா" என்று இரண்டே வார்த்தை. விடுமுறைக்கு வந்தால் சோற்றை அள்ளி அள்ளி அவசரமாகத் தின்பான். சுவரில் முதுகு படும்படிதான் உட்காருவான். விடுதிக்குத் திரும்பும் நாள் காலையில் வயிற்றுவலி வரும், போய்ச் சேர்ந்தால் சரியாகிவிட்டது என்பார்கள். மார்க் மட்டும் குறையவே இல்லை. மார்க் வந்துகொண்டிருக்கும் பையனுக்கு ஒரு குறையும் இருக்காது என்றுதான் நம் வீடுகளில் கணக்கு. உண்மையில் தம்பி படிப்பில் மூழ்கிக் கிடந்ததே, படிக்கிற நேரத்தில் யாரும் அவனைப் பேசச் சொல்ல மாட்டார்கள் என்பதால்தான்.

இந்த வயதில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். "ஸ்கூல் எப்படிப் போகுது?" என்று கேட்டால் "நல்லாப் போகுது" என்பதைத் தவிர வேறு பதில் வராது. "மத்தியானம் யார் கூடச் சாப்பிட்ட?", "பஸ்ஸில் பக்கத்தில் யார் உட்கார்ந்தது?", "பசங்க உன்னை என்ன பேர் சொல்லிக் கூப்பிடறாங்க?" என்று கேளுங்கள். ஒரு வாரமாகச் சாப்பாட்டுக்கு யார் பெயரும் வரவில்லை என்றால் அது விசாரிக்க வேண்டிய விஷயம். முகத்துக்கு நேராக உட்கார வைத்துக் கேட்டால் வாயே திறக்காது. வண்டியில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போகும்போதோ, சேர்ந்து ஏதாவது வேலை செய்யும்போதோ கேட்டால் பேச்சு வரும். விடுதியில் இருந்தால் வாரத்துக்கொரு போனை நம்பாதீர்கள், சொல்லாமல் கொள்ளாமல் நேரில் போய் நில்லுங்கள். பள்ளி காது கொடுக்கவில்லை என்றால் 1098 என்ற உதவி எண் இருக்கிறது. 18 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கானது, பிள்ளையே கூப்பிடலாம், பெரியவர்களும் கூப்பிடலாம்.

சரி, கல்லூரிக்கு வருகிறேன். கோயம்புத்தூரில் பொறியியல். இரண்டாம் வருஷத்தில் எல்லோர் முன்னாலும் செமினார் எடுக்க வேண்டும். முதல் நாள் ராத்திரி முழுக்கத் தூங்காமல் நடுங்கிக்கொண்டிருந்தவனிடம் அறை நண்பன் ஒருத்தன் ஒரு மாத்திரையைக் கொடுத்திருக்கிறான். டபென்டடால். அறுவைச் சிகிச்சைக்குப் பின் வரும் கடும் வலிக்குக் கொடுக்கும் மாத்திரை, அபின் வகை மருந்துகள் வேலை செய்யும் அதே வழியில் மூளையில் வேலை செய்வது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதது. ஆனால் தமிழ்நாட்டில் போதைக்காகக் கைமாறும் மாத்திரைகளில் இதன் பெயர்தான் அடிக்கடி போலீஸ் செய்திகளில் அடிபடுகிறது. அந்த முதல் மாத்திரையைப் பற்றித் தம்பி பிற்பாடு என்னிடம் சொன்னான்: "சந்தோஷமெல்லாம் இல்லீங்க்கா. தட்டுச் சத்தம் நின்னு போச்சு. அவ்வளவுதான்." செமினாரிலும் திக்கியிருக்கிறான். ஆனால் திக்கினால் என்ன ஆகுமோ என்ற பயம் வரவில்லை. அறையில் நாலு பேர் அந்த மாத்திரையைப் போட்டுப் பார்த்தார்கள். மூன்று பேருக்கு அது ஒரு விளையாட்டு, தேர்வு வந்ததும் விட்டுவிட்டார்கள். தம்பியால் முடியவில்லை. மூன்றாம் வருஷம் முடிவதற்குள் ஊசிக்குப் போய்விட்டான்.

நான் அப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். 48,000 ரூபாய் செமஸ்டர் கட்டணம் இரண்டு முறை அவன் கணக்குக்கு அனுப்பினேன், இரண்டும் கல்லூரிக்குப் போகவில்லை. வெயில் காலத்திலும் முழுக்கை சட்டை, எந்நேரமும் மூக்கையும் கையையும் சொறிவது, வெளிச்சம் குறைந்த இடத்திலும் கடுகளவுக்குச் சுருங்கியிருக்கும் கண்பாவை, நாள்கணக்கில் மலச்சிக்கல். இவையெல்லாம் அந்த வகை மாத்திரைக்கான அடையாளங்கள். ஒருநாள் வீட்டுக்கு வந்தவன் கொட்டாவி மேல் கொட்டாவி விட்டான், மூக்கு ஒழுகியது, கை ரோமம் எல்லாம் குத்திட்டு நின்றது, கால் வலிக்கிறது என்று சுருண்டு கிடந்தான். காய்ச்சல் என்று அம்மா கஷாயம் வைத்தார். மாத்திரை கிடைக்காததால் வந்த உடல் தவிப்பு அது. அந்த வாரம்தான் அம்மாவின் மூன்று பவுன் சங்கிலி அடகுக் கடையில் இருப்பது தெரிந்தது. எனக்கு வந்தது அழுகை இல்லை, கொலைவெறி. அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. பேசி வைத்திருந்த என் கல்யாணமும் அந்தச் சமயத்தில்தான் நின்று போனது. அவனை நான் வெறுத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. இதே நிலையில் இருக்கும் அக்காக்களும் அம்மாக்களும் தனக்கு மட்டும்தான் இப்படித் தோன்றுகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படி இல்லை.

அப்புறம் மாமா விசாரித்து ஒரு தனியார் மீட்பு மையத்துக்கு ஏற்பாடு செய்தார். முன்பணம் 35,000, மாதம் 15,000 வீதம் மூன்று மாதம். ராத்திரியில் வேனில் நாலு பேர் வந்து கையைக் கட்டித் தூக்கிப் போனார்கள். போனில் பேசவோ நேரில் பார்க்கவோ விடவில்லை, "பார்த்தால் மனசு மாறிடுவீங்க" என்றார்கள். உள்ளே மருத்துவரே கிடையாது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. மொட்டை அடித்திருக்கிறார்கள். தினமும் காலைக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் எழுந்து தன் தப்பைச் சொல்ல வேண்டும், தம்பி எழுந்தால் அவன் திக்குவதைப் பேசிக் காட்டிச் சிரிப்பார்களாம். எந்த அவமானத்திலிருந்து தப்பிக்க அவன் மாத்திரைக்குப் போனானோ, அதே அவமானத்தை நான் மாதம் 15,000 கொடுத்து வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

வெளியே வந்த அதே வாரத்தில் குளியலறையில் விழுந்து கிடந்தான். உதடு நீலம், மூச்சு எப்போதோ ஒன்று. 108 வந்து, அவர்கள் கொண்டு சேர்த்த தனியார் மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவு, செலவு 1,40,000. அப்போதுதான் ஒரு செவிலியர் இதைச் சொன்னார், இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: சில வாரம் நிறுத்தியிருந்த உடம்புக்குப் பழைய அளவைத் தாங்கும் சக்தி போய்விடும். மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளியே வந்த முதல் சில வாரங்களில் பழைய அளவை எடுத்தால் மூச்சு அடங்கிவிடும். அந்தச் சமயத்தில் ஆளைத் தனியாக விடாதீர்கள், குளியலறைக் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள். விழுந்து கிடந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிட்டு, என்ன மாத்திரை என்பதை வெட்கப்படாமல் சொல்லுங்கள். இந்த வகை மாத்திரையின் வேகத்தை முறிக்க நலாக்சோன் என்ற முறிவு மருந்து இருக்கிறது, என்ன மாத்திரை என்று தெரிந்தால் தாமதமில்லாமல் போடுவார்கள். காப்பீட்டில் பணம் வரும் என்று நம்பியிருந்தேன், அதுவும் கிடைக்கவில்லை. மனநோய்க்கும் உடல்நோய்க்குச் சமமாகக் காப்பீடு தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகளின் விலக்குப் பட்டியலில் குடி, போதை சம்பந்தமான சிகிச்சைக்கு என்றே தனியாக ஒன்று இருக்கிறது. உங்கள் பாலிசியை எடுத்து அந்தப் பக்கத்தை முன்கூட்டியே படித்துவிடுங்கள்.

கையில் காசு தீர்ந்த பிறகுதான் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனோம். அந்த மருத்துவர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், யார் சேர்க்கை என்று கேட்கவில்லை. ஒரு தாளில் நேர்கோடு போட்டு, பிறந்ததிலிருந்து வருஷங்களைக் குறித்து, "எட்டாவதுல இருந்து எங்க தம்பி படிச்சீங்க? அங்க எப்படி இருந்துச்சு?" என்றார். தம்பி பேசத் தொடங்கி நின்று நின்று சொல்லி முடிக்கும் வரை இடையில் ஒரு வார்த்தைகூட எடுத்துக் கொடுக்காமல் காத்திருந்தார். தட்டுச் சத்தத்தைப் பற்றி நானும் அம்மாவும் கேள்விப்பட்டது அங்கேதான். எட்டு வருஷம் கழித்து.

அவர் விளக்கியதையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் சொல்கிறேன். பதின்பருவத்தில் மூளை இன்னும் கட்டிக்கொண்டிருக்கும் நிலைதான். நிதானம், திட்டம், ஆசையை அடக்குவது ஆகியவற்றைக் கவனிக்கும் நெற்றிப் பக்கத்து மூளை 20 வயதுகளின் நடுப்பகுதி வரை வளர்கிறது. அந்த வயதில் சக வயதினர் மத்தியில் கிடைக்கும் மதிப்பும் அவமானமும் பெரியவர்களுக்குப் படுவதைவிட ஆழமாகப் படும். நாள்தோறும் அவமானம் என்றால் கார்ட்டிசால் போன்ற மனஅழுத்த ஹார்மோன்கள் ஓயாமல் சுரக்க, ஆசையையும் ஊக்கத்தையும் தூண்டும் 'டோபமின்' என்ற மூளை ரசாயனத்தின் போக்கும் சேர்ந்து மாறுகிறது. அமெரிக்காவின் தெற்கு டகோட்டா பல்கலைக்கழகத்தில் பதின்பருவ எலிகளைச் சில நாட்கள், தினம் கொஞ்ச நேரம், மூர்க்கமான பெரிய எலியிடம் தோற்க விட்டார்கள். பிறகு ஒன்றும் செய்யாமல் வளர விட்டார்கள். வளர்ந்த பின் பார்த்தால் அவற்றின் நெற்றிப் பக்கத்து மூளையில் டோபமின் குறைவாக இருந்தது. ஆம்பெட்டமின் போதை மருந்து கிடைத்த இடத்தைச் சாதாரண எலிகளைவிட அதிகம் நாடின. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 2013இல் வந்த ஆய்வில், இளம் வயதில் தனியாக அடைத்து வளர்த்த எலிகள் போதைக்கும் இடத்துக்குமான தொடர்பைச் சீக்கிரம் கற்றுக்கொண்டன, மறக்க அதிக நாள் பிடித்தது. கூட்டத்தோடு திரும்பச் சேர்த்த பிறகும் அந்த மாற்றம் போகவில்லை.

எலியை வைத்து மனிதரைச் சொல்லிவிட முடியுமா என்று எனக்கும் தோன்றியது. மனிதர்களிலும் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் சான் டியாகோவில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்ற மருத்துவர்கள் நடத்தி 1998இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், அடி, வசவு, வீட்டில் வன்முறை போன்ற சிறுவயதுக் கொடுமைகளில் நாலு வகையோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்குக் குடி, போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகிய ஆபத்துகள், எதுவும் இல்லாதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு வரை இருந்தன. அதற்காகக் கேலிக்கு ஆளான பிள்ளைகள் எல்லாம் போதைக்குப் போவார்கள் என்று அர்த்தமில்லை. பெரும்பாலோர் போவதில்லை. ஒரே அறையில் ஒரே மாத்திரையைப் போட்ட நாலு பேரில் ஏன் தம்பிக்கு மட்டும் பிடித்துக்கொண்டது என்ற கேள்விக்கு ஒரு பகுதிப் பதில் இது. "உனக்கு மட்டும் ஏன்டா மனசு உறுதி இல்ல?" என்று நான் கத்தியது அப்புறம் என் வாயில் வரவில்லை. இன்னொரு ஆய்வையும் சொல்லத்தான் வேண்டும், என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அது. மார்கோ வென்னிரோ குழுவினர் 2018இல் வெளியிட்டது. போதைக்குப் பழகிய எலிகளுக்கு ஒரு பக்கம் போதை மருந்து, இன்னொரு பக்கம் வேறொரு எலியின் துணை என்று விட்டபோது, அவை கிட்டத்தட்ட எப்போதும் துணையையே தேர்ந்தெடுத்தன.

சிகிச்சைக்கு வருகிறேன். நாக்குக்கு அடியில் வைக்கும் பூப்ரெனார்ஃபின் மாத்திரை கொடுத்தார்கள். "ஒரு போதைக்கு இன்னொரு போதையா சாமி?" என்று அம்மா பதறினார். அது தவிப்பை அடக்கும், உச்சத்துக்குத் தூக்காது, அதன் மேல் மற்ற மாத்திரையைப் போட்டாலும் பெரிதாக ஏறாது என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். மாதக்கணக்கில், தேவைப்பட்டால் வருஷக்கணக்கில் எடுக்க வேண்டும், நாமாகக் குறைக்கக் கூடாது. ஊசி போட்டவன் என்பதால் எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி பரிசோதனைகளும் எடுத்தார்கள். அதே மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் திக்குவாய்க்குப் பேச்சுப் பயிற்சி இருக்கிறது என்று எங்களை அனுப்பியவரும் அவரேதான். சின்ன வயதிலேயே அங்கே போயிருக்கலாம் என்று ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. பயிற்சி அறையில் திக்குகிற வேறு பையன்களும் இருந்தார்கள். அவர்கள் நடுவில் உட்கார்ந்து சத்தமாக வாசித்துவிட்டு வந்த அன்று தம்பி இரண்டு தட்டு சோறு சாப்பிட்டான். இடையில் வழுக்கியிருக்கிறான், மறைக்காமல் மருத்துவரிடம் சொன்னான், சிகிச்சை நிற்கவில்லை. இப்போது ஒரு பட்டறையில் கணக்கெழுதுகிறான், மாத்திரை தொடர்கிறது, பட்டம் இன்னும் பாக்கி இருக்கிறது.

மையம் தேடுகிறவர்களுக்கு: மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா, மனநல மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், நான் எப்போது நேரில் பார்க்கலாம், முடி வெட்டுவது, அடிப்பது, கட்டிப் போடுவது உண்டா என்று நேராகக் கேளுங்கள். பார்க்க விட மாட்டோம் என்றாலே எழுந்து வந்துவிடுங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில்தான் நாங்கள் முதலில் அரசு மருத்துவமனைப் பக்கமே போகவில்லை. சிகிச்சைக்கு வருபவரின் விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்பது மனநலச் சட்டம். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலும் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. உபயோகித்ததற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்குக்கு உள்ளான அடிமைப்பட்டவர், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்து முடித்தால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு.

முதலில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416, மனநல ஆலோசனைக்கு, எந்நேரமும், தமிழிலேயே பேசுவார்கள். போதை மீட்புக்கென்று 14446 இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற பெயரில் மீட்பு மையங்களை 2025இல் திறந்திருக்கிறார்கள், உங்களுக்குப் பக்கத்தில் எது என்று மருத்துவமனையிலேயே விசாரிக்கலாம். ஆள் வர மறுத்தாலும் வீட்டார் மட்டும் போய் மருத்துவரைப் பார்க்கலாம், நான் முதல் முறை அப்படித்தான் போனேன். போகும்போது ஆதார் அட்டை, பழைய சீட்டுகள், கையில் அகப்பட்ட மாத்திரை அட்டை இருந்தால் அது, எட்டாவதிலிருந்து எந்தெந்த வருஷம் எங்கே படித்தான், அங்கே என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரிந்த மட்டும் எழுதிய ஒரு தாள், இவ்வளவையும் கொண்டு போங்கள். மனநலப் பிரிவு எந்தெந்தக் கிழமை என்று முன்னாலேயே கேட்டுக்கொண்டு, சீட்டு வாங்க விடிகாலையிலேயே போய்விடுவது நல்லது.